ஈசானிய மூலைத் தூம்பு

தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்று என் மச்சாண்டாரிடம் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை. மச்சாண்டார் என்றால் என் புருஷனின் அண்ணன், அங்கமுத்து. என் புருஷன் செங்கோடனுக்கு வாய் உண்டு. அண்ணன் எதிரில் வந்தால் அது ஒட்டிக்கொள்ளும். அண்ணன் பெண்டாட்டி அத்தாயி அக்காவுக்கு இருந்த வாய் அவள் கல்யாணத்தோடு அடைபட்டுப் போனது. எனக்கு வாயும் இருந்தது, சொல்ல விஷயமும் இருந்தது. ஆனால் புருஷனுக்கு மூத்தவர் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. எங்கள் பக்கத்து முறை அது. இந்த முறையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கட்டாயம் ஒரு மூத்தவனாகத்தான் இருந்திருப்பான்.

எங்கள் ஊர் எருமப்பட்டிக்குப் பக்கம். ஒரே மண்சுவருக்குள் இரண்டு குடித்தனம். கிழக்கே அவர்கள் அடுப்பு, மேற்கே எங்கள் அடுப்பு, நடுவில் பொதுவான பெரிய வாசல். அந்த வாசல் வடகிழக்கில் உயர்ந்து தென்மேற்கில் தாழ்ந்திருந்தது. யாரும் அப்படிச் செய்யவில்லை, பூமி அப்படிக் கிடந்தது. தென்மேற்கு மூலையில் சுவரின் அடியில் ஒரு ஓட்டை. அதைத்தான் தூம்பு என்போம். மழை பெய்தால் கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் சேர்ந்து குறுக்கே ஓடி அந்தத் தூம்பு வழியாக வெளியே போய்க் குட்டையில் விழும். மழை விட்டு ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள் வாசலில் கோழி மேயும்.

மேடான வடகிழக்கு மூலையில் ராகிக்குழி. சுக்காங்கல் மண்ணில் வெட்டிய குழி, குடம் மாதிரி வாய் சிறுத்து வயிறு பெருத்தது. அறுப்பு முடிந்ததும் வைக்கோல் சுற்றி ராகியைக் கொட்டி, வாயைப் பலகைக் கல்லால் மூடி, மண் குழைத்துப் பூசி, அதற்கு மேல் ஆள் உட்காரும் உயரத்துக்கு மண்ணைக் குவித்துச் சாணி மெழுகி விடுவார்கள். குவித்த மண்ணில் விழும் மழை நாலு பக்கமும் வழிந்து ஓடிவிடும். உள்ளே இருக்கும் ராகி வருஷக் கணக்கில் கிடந்தாலும் கெடாது. அந்தத் தை மாதம் இரண்டு குடும்பத்து ராகியும் அதற்குள்தான் போனது. வீட்டுக் குதிரில் இருந்தது ஆடிவரைக்கும் காணும். அதற்கு மேல் என் இரண்டு பெண்பிள்ளைகளும் குடிக்கிற கூழ் அந்தக் குழிக்குள் இருந்தது. இதை நான் மறந்த நாளே இல்லை.

மாசியில் மச்சாண்டாரின் ஏர் எருதுகள் இரண்டும் அடைப்பான் நோய் கண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மனுஷன் மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அழுகிறவனைத் தேடி ஒருத்தன் வருவான் இல்லையா, அப்படி ஒரு மனையடி சாஸ்திரக்காரர் நாமக்கல் பக்கத்திலிருந்து குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். வாசலில் நின்று நாலு திக்கும் பார்த்தார். தூம்பைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"தென்மேக்குல தண்ணி வெளிய போவுதுங்க. அது போற வழியிலயே ஊட்டு லட்சுமியும் போறா. எருது போனது இதனாலதான். தண்ணி ஈசானிய மூலைல வெளியேறோணும்."

ஈசானியம் என்றால் வடகிழக்கு. அந்தப் பக்கத்துத் தெரு எங்கள் வாசலைவிட முழங்கால் உயரம். இது அந்த சாஸ்திரக்காரருக்குத் தெரியாது. அவர் தெருவில் நடந்துதான் வந்தார், ஆனால் தெருவைப் பார்க்கவில்லை. என் மச்சாண்டார் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குமா தெரியாது?

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. மச்சாண்டாரும் என் புருஷனும், உதவிக்குப் பக்கத்து வீட்டுக் காளியப்பனும். தென்மேற்குத் தூம்பைக் கல்லும் மண்ணும் திணித்து அடைத்தார்கள். வடகிழக்கில் சுவரைக் குடைந்து புதுத் தூம்பு வைத்தார்கள். மேட்டு மூலை மண்ணைச் சுரண்டிப் பள்ள மூலையில் கொட்டினார்கள். அப்படிச் சுரண்டும்போது ராகிக்குழியின் மேல் குவித்திருந்த மண் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும் என்று தோன்றியிருக்கிறது. அதையும் வெட்டி இழுத்துச் சமன் செய்துவிட்டார்கள். சாணி மெழுகிய அந்த மேட்டின் மேல் மண்வெட்டி விழுந்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். என் வயிற்றில் விழுந்தது போல இருந்தது.

அன்றைக்கே என் புருஷனிடம் சொன்னேன்.

"ஏனுங்க, குழி மேல மண்ணில்லீனா தண்ணி உள்ள எறங்கிரும். அண்ணங்கிட்ட நீங்க சொல்லோணும்."

"அண்ணனுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சா செய்வாரா?"

"எங்கய்யன் செத்தப்பொறவு என்னையத் தோள்ல போட்டு வளத்துனவரு அவரு. நான் போயி அவருக்குத் தண்ணி ஓடற தெசை சொல்லட்டுமா? பேசாம இரு முத்தாயி."

பேசாமல் இருக்க என்னால் ஆகவில்லை. மச்சாண்டார் கட்டுத்தரையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த நேரம், நான் எருமைக்குச் சோளத்தட்டுப் போடப் போனேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எருமையிடம் பேசினேன். முறை தவறாமல் பேச எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

"ஏ எருமெ, வாசத் தண்ணியெ வடகெழக்கே உடறாங்களாம். தெரு அங்க மொழங்காலு ஒசரம். தண்ணி என்ன, ஏணி வெச்சு ஏறிப் போவுமா?"

கயிறு திரிக்கிற கை நின்றது. அவரும் என்னைப் பார்க்காமல் எருமைக்கே பதில் சொன்னார்.

"எருமெ, வாசலை அந்தப் பக்கமாச் சாய்ச்சு உட்டாச்சு. தண்ணி சாய்ஞ்ச பக்கம் போவும். பொம்பளைக்கு அடுப்பு வேல தெரிஞ்சாப் போதும்."

எருமை அசை போட்டது. எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று அதற்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வாசல் சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டது உண்மை. வடகிழக்காகச் சாய்ந்துவிட்டது. தெரு கட்டுப்படவில்லை. சித்திரையில் முதல் கோடைமழை இடியோடு இறங்கியது. வாசல் தண்ணீர் சொன்னபடி வடகிழக்குக்கு ஓடியது. ஓடிப் போய்ப் புதுத் தூம்பின் முன்னால் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவில் வெள்ளம் வந்தது. ஆட்டுப் புழுக்கையும் சாணியும் சருகும் மிதக்கிற தெருத் தண்ணீர், வெளியே போகத் திறந்து வைத்த ஓட்டை வழியாக உள்ளே குதித்தது. மேட்டூரில் காவிரிக்குக் குறுக்கே அணை எழுப்பி நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. அவ்வளவு பெரிய வேலை செய்தவர்கள்கூடத் தண்ணீரை மேட்டுக்கு ஏறச் சொல்லவில்லை, தேங்கத்தான் வைத்தார்கள். என் மச்சாண்டாரும் கடைசியில் அதையேதான் செய்தார், எங்கள் ராகிக்குழியின் தலைமேல்.

மழை விட்டதும் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். குழி வாய் இருந்த இடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. சோறு கொதிக்கிறபோது வருகிற மாதிரி, விட்டு விட்டு. உள்ளே இருந்த காற்று வெளியே வருகிறது என்றால் அந்த இடத்துக்கு என்ன போகிறது? இதற்கு சாஸ்திரம் வேண்டுமா? நான் அங்கேயே நின்று என் புருஷனைக் கூப்பிட்டேன்.

"வந்து பாருங்க. குழி தண்ணி குடிக்குது. இப்பவே தொறந்தா முக்காவாசி ராகியாச்சும் மிஞ்சும்."

அவர் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததையும் நான் பார்த்தேன். அண்ணனிடம் போனார். எனக்கு அப்போது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. திரும்பி வந்து சொன்னார்:

"தண்ணிக்கு இது புது வழியாம். ரெண்டு மழை போனாப் பழகிக்குமாம். குழியெ நாள் பாக்காமத் தொறக்கறது ஊட்டுக்கு ஆவாதுன்னு அண்ணன் சொல்றாரு."

"தண்ணிக்கா பழக்கம் ஆவும்? அது என்ன புதுசாப் புடிச்ச கன்னுக்குட்டியா?"

"என்னையக் கேட்டா?"

"வேற யாரைக் கேக்கறது? நான் கேக்கறதுக்கு எனக்கு இருக்கறது நீங்களும் எருமையுந்தான்!"

அன்றிலிருந்து மழை பெய்கிற போதெல்லாம் எனக்கு ஒரு வேலை வந்தது. குடத்தில் மொண்டு சுவருக்கு மேல் வெளியே ஊற்றுவேன். ஊற்ற ஊற்ற அதில் பாதி தெருவழியாகத் திரும்பி உள்ளே வரும். அத்தாயி அக்கா சத்தம் போடாமல் தன் குடத்தையும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் மொள்ளுவாள். கிழக்கே மச்சாண்டாரின் இருமல் கேட்டால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வாசலில் பாசி படர்ந்தது. என் சின்னப் பெண் வழுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். கொசு மேகம் மாதிரி இறங்கியது. பொழுது சாய்ந்தால் தவளைக் கச்சேரி. மச்சாண்டார் வாசலில் தேங்கிய அந்தக் குட்டையைச் சுற்றி நடந்து போய் வயலுக்குப் போவார், சுற்றி நடந்து வந்து சாப்பிடுவார். அவர் கண்ணுக்கு அது வாசலாகவே தெரிந்தது போலிருக்கிறது.

வைகாசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்து அடித்துப் பெய்தது. மச்சாண்டார் வீட்டில் இல்லை. என் பொறுமை அன்றைக்குத் தீர்ந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அடைத்து வைத்த பழைய தூம்பில் ஓங்கிக் குத்தினேன். அவர்கள் கொட்டிய மண்ணைத் தோண்டி, திணித்த கற்களில் ஒன்றை அசைத்தும் விட்டேன். இன்னும் இரண்டு குத்து. அதற்குள் என் புருஷன் மழையில் ஓடி வந்து கடப்பாரையைப் பிடுங்கினார். கல்யாணமாகி வந்து அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன், அன்றைக்குக் கத்தினார்.

"அண்ணன் அடைச்சதெ நீ ஒடைப்பியா? ஊர்ல என்ன பேசுவாங்க? அண்ணன் தம்பி பிரிஞ்சுட்டாங்கன்னு பேச மாட்டாங்க?"

"ராகி அழுகுனா என்ன பேசுவாங்க?"

"அழுகுனா ரெண்டு ஊட்டுக்குந்தான அழுகும். உனக்கு மட்டுமா?"

இதைக் கேட்டு எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது. பங்கு போட்டுப் பட்டினி கிடப்பதில் அப்படி ஒரு நிம்மதி அந்த மனுஷனுக்கு! அசைந்த கல்லை அவரே காலால் மிதித்து உள்ளே தள்ளினார். அண்ணன் வருவதற்குள் மேலே மண்ணைப் பூசி, என் கடப்பாரைத் தடம் தெரியாமல் தடவியும் விட்டார்.

ஆனியில் குழிப் பக்கம் புளித்த வாடை வந்தது. பழைய கள்ளுப்பானை வாடை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்றே. பார்த்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி பிறந்தது. குதிரின் அடியைத் துடைப்பத்தால் கூட்டி எடுக்க வேண்டியதாயிற்று. குழியைத் திறக்க மச்சாண்டார் நாள் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் காலையில் கொஞ்ச நேரந்தான்; அது முடிவதற்குள் வள்ளம் என்கிற அளவுப் பாத்திரத்தில் முதல் ராகி மேலே வந்து சாமி முன்னால் வைத்தாக வேண்டும். அடுத்தது ராகுகாலம். தம்பிதான் குழிக்குள் இறங்கி முதல் வள்ளத்தை அள்ள வேண்டும், அண்ணன் கை நீட்டி வாங்க வேண்டும். அவர்கள் வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

முந்தின வாரம் பெய்த மழை வாசலில் இன்னும் கணுக்கால் அளவு நின்றது. குழியைச் சுற்றி வரப்புக் கட்டி உள்ளிருந்த தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்துப் போட்டார்கள். காளியப்பன் வந்திருந்தான். அக்கம்பக்கத்து ஆம்பிளைகளும் நாலைந்து பேர் நின்றார்கள். வழக்கமாக முந்தின நாளே கல்லை நகர்த்திக் குழியை ஆறப் போடுவார்கள். மூடிக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று நிற்கும். அது போகாமல் இறங்கினால் ஆள் சுருண்டு விடுவான். என் பிறந்த ஊரில் அப்படி ஒருத்தர் இறங்கிச் செத்தார், அவரைத் தூக்க இறங்கியவரும் செத்தார். அந்த இரண்டு பாடையும் ஒன்றாகப் போனதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் முந்தின நாள் நவமி. கல்லைத் தொடக் கூடாது என்று சாஸ்திரக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கல்லை நெம்பினார்கள். அடித்த வாடையில் காளியப்பன் பின்னால் நகர்ந்து துப்பினான். அவன்தான் சொன்னான்:

"விளக்கு உட்டுப் பாத்துறலாங்க."

அகல் விளக்கை உறியில் வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். கழுத்தளவு இறங்கியிருக்கும், பொசுக்கென்று அணைந்தது. ஏற்றி மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் அதே இடத்தில் அணைந்தது.

"எண்ணெ போதலெ," என்றார் மச்சாண்டார். அவர் குரல் சரியில்லை. சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தார், வானத்தில் ஏறுகிற பொழுதைப் பார்த்தார். "நேரம் போவுது. மேலாப்புல இருக்கற ராகி கொஞ்சம் நனைஞ்சிருக்கும், அதான் வாடை. அடியில நல்லாத்தான் இருக்கும். டே செங்கோடா, எறங்குடா."

என் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்பில் கயிற்றைச் சுற்றினார். விளக்கு அணைந்ததை எல்லாரையும் விடக் கிட்ட நின்று பார்த்தவர் அவர்தான். குழி விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டார்.

நான் எப்போது கதவைத் தாண்டினேன், எப்போது அந்தச் சேற்றைத் தாண்டினேன், தெரியாது. மச்சாண்டார் முகத்துக்கு நேரே நின்றேன். முந்தானை தோளில் கிடந்தது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, கூப்பிட்டதே இல்லையே.

"நில்லுங்க! அவரு எறங்க மாட்டாரு. உங்க தூம்பு, உங்க சாஸ்திரம், உங்க நல்ல நேரம். நீங்க எறங்குங்க!"

சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். மச்சாண்டார் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்துபோன ஒரு கிழட்டு மனுஷனின் கண் அது, அவ்வளவுதான்.

"அம்மணி, ஊட்டுக்குள்ள போ," என்றார். நேராக என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"போவ மாட்டேன். விளக்குல எண்ணெ இல்லீங்களா? சரி, உசுருள்ளதை உட்டுப் பாக்கலாம்."

கூடைக்குள் அடைத்திருந்த என் கருங்கோழியை எடுத்தேன். முட்டை இடுகிற கோழி, என் பிள்ளைகள் கையில் தின்று வளர்ந்தது. உறிக்குள் வைத்துக் கட்டினேன். முடிச்சு சரியாக விழுந்தது. என் புருஷன் காலை இழுத்து நகர்த்திவிட்டு உறியை இறக்கினேன். இரண்டு தடவை சிறகடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மேலே இழுத்தேன். கழுத்து தொங்க, அலகு திறந்து, துணி மாதிரிக் கிடந்தது.

அதை மச்சாண்டார் காலடியில் வைத்தேன்.

மச்சாண்டார் கோழியைப் பார்த்தார், குழி விளிம்பில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "செங்கோடா, செங்கோடா" என்று தம்பியின் தோளைப் பிடித்து இழுத்து, குழியை விட்டு ஒரு பாகதூரம் தள்ளிக்கொண்டு போனார். நல்ல நேரம் போனது, ராகுகாலம் வந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்புறம் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்தார். காளியப்பன் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கை காட்டினார். தென்மேற்கு மூலைக்குப் போய், கொட்டிய மண்ணைத் தானே வெட்டி வாரி, அடைத்த கல் ஒவ்வொன்றையும் தானே நெம்பித் தள்ளினார். வாசலில் அந்த மூலை வரைக்கும் ஒரு வாய்க்காலும் இழுத்துவிட்டார். நின்ற தண்ணீர் சலசலவென்று கிளம்பிப் போனது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் அடுப்படிப் பக்கம் வந்தார். கதவுக்கு வெளியே நின்று, எருமையிடம் இல்லை, என்னிடமே சொன்னார்:

"அம்மணி, நான் பண்ணுனது தப்பு."

என் மனசு அவ்வளவு சீக்கிரம் இளகுவதாக இல்லை. ஆனாலும் அந்த மனுஷனுக்கு அது எத்தனை கஷ்டமான வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் ஆறப் போட்டு, விளக்கு அடிவரை எரிந்த பிறகு இறங்கினார்கள். ராகி கறுத்துக் கட்டிகட்டியாக வந்தது. வெயிலில் பரப்பினோம். எருமை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் நல்லதாக மிஞ்சியது. அதை அள்ளி அத்தாயி அக்கா முழுசாக எங்கள் குதிரில் கொட்டினாள். "உங்களுக்குப் பச்சப் புள்ளைங்க இருக்குது," என்று மட்டும் சொன்னாள். மச்சாண்டார் சொல்லித்தான் அவள் செய்திருப்பாள்.

அன்று பொழுது சாய அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கோழி செத்த நாளிலிருந்து என் புருஷன் என்னிடம் பேசியிருக்கவில்லை. பயந்து போயிருக்கிறார், ஆறட்டும் என்று நான் விட்டிருந்தேன். உயிர் பிழைத்தவர் ஒரு நாளாவது என் கையைப் பிடிப்பார் என்றுகூட நினைத்திருந்தேன். அன்றைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"முத்தாயி, அண்ணங் கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுரு."

கரண்டி என் கையில் நின்றது.

"எதுக்குங்க?"

"நாலு பேரு முன்னால அவரை அப்படி எதுத்துப் பேசீட்டியே. அவரு தலைய நிமுத்தி நடக்க மாட்டேங்கறாரு. பாக்க எனக்கு ஆவலெ."

"நான் வரலீனா நீங்க எறங்கியிருப்பீங்களா?"

"அண்ணன் சொன்னா எறங்கித்தான ஆவோணும்."

மழை வந்தால் நனையத்தானே வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் விடவில்லை.

"அந்தக் கோழி செத்து வந்ததெப் பாத்தப்பொறவும் எறங்குன்னு சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்," என்றார்.

"அப்ப நானும் இந்த ரெண்டு புள்ளைகளும்?"

"அண்ணன் உட்டுருவாரா? அவரு பாத்துக்குவாரு."

சித்திரையிலிருந்து நான் ஒரு மனுஷன் மேல் கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் பயத்தில் செய்தார், வீம்பில் செய்தார், செய்ததன் முடிவைப் பார்த்ததும் நடுங்கித் தன் கையாலேயே உடைத்தார். எதிரே உட்கார்ந்திருக்கிற இவரோ அன்று சித்திரையிலேயே குமிழியைப் பார்த்தவர். நான் அசைத்த கல்லைக் காலால் மிதித்து உள்ளே தள்ளியவர். எல்லாம் தெரிந்தவர், எதற்கும் வாய் திறக்காதவர். என் பிள்ளைகளை அநாதையாக்கிவிட்டு அண்ணன் சொல் தட்டாத தம்பி என்று பேர் வாங்கத் தயாராக இருந்தவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் தப்பான அடுப்பைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்!

பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றி வைத்தேன். மீதி இருந்த சட்டியைத் துணியோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்து கிழக்கே போனேன். மச்சாண்டார் படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தாங்க. உங்க தம்பிக்கு இனிமே நீங்களே ஊத்துங்க. அவரு உங்களுக்காவச் சாவறதுக்கு இருக்காரு. எனக்கும் என்ற புள்ளைகளுக்கும் பொழைச்சிருக்கற ஆளு வேணும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டியைப் பார்த்தார், மேற்கே எங்கள் கதவைப் பார்த்தார். உதடு கோணியது. ஏதோ கடுமையாகச் சொல்லப் போகிறவர் மாதிரி எழுந்து நின்று, "டே செங்கோடா!" என்று கூப்பிட்டார்.

கூப்பிட்ட குரல் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள், "வந்துட்டனுங்கண்ணா," என்று என் புருஷன் ஓடி வந்தார்.